ஓடுபாதையில் கிடந்த போல்ட்டை எடுத்த பிறகு என்ன செய்கிறோம்?

களப்பார்வை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. விமான நிலையத்தில் ஏர்சைடு (விமானங்கள் நடமாடும் பகுதி) பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிரிவுக்குள் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வாதத்தை இங்கே வைக்கிறேன். இந்தத் துறையின் வெவ்வேறு மூலைகளில் வேலை பார்ப்பவர்கள் இங்கே இருப்பதால் உங்கள் கருத்து எனக்கு முக்கியம்.

ஓடுபாதை ஆய்வுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகிறோம். ஒரு போல்ட், பெட்டியிலிருந்து பிய்ந்த சக்கரம், கிழிந்த பிளாஸ்டிக் உறை, டயர் ரப்பர் துண்டு என்று ஏதாவது கண்ணில் படுகிறது. எடுத்து எஃப்.ஓ.டி. (கிடக்கக் கூடாத இடத்தில் கிடக்கும் அந்நியப் பொருள்) தொட்டியில் போடுகிறோம். படிவத்தில் ‘அகற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அத்துடன் அந்தக் கதை முடிந்தது.

முடியவில்லை என்பதுதான் என் வாதம். அந்த போல்ட் ஏதோ ஓர் இடத்திலிருந்து கழன்றிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது ஒரு போல்ட் குறைகிறது. தரையில் பதித்த விளக்கிலிருந்து வந்திருந்தால் பக்கத்து போல்ட்டும் தளர்ந்திருக்கலாம். விமானத்திலிருந்து வந்திருந்தால் அந்த விமானம் இப்போது ஆகாயத்தில் இருக்கிறது. தொட்டிக்குள் போட்ட நொடியில் இதையெல்லாம் கண்டுபிடிக்கும் ஒரே வழியையும் சேர்த்துப் போட்டுவிடுகிறோம்.

கிடைத்த ஒவ்வொன்றையும் உறையில் போட்டு, இடம், நேரம், படம் எல்லாம் குறித்து, யாருடையது என்று தேட வேண்டும் என்கிறேன். சக ஊழியர்கள் பலர் இது நடக்காத காரியம் என்கிறார்கள். நீங்கள் வேலை பார்க்கும் இடங்களில் எப்படி?

---

டர்பைன் எழுதியது:

இன்ஜின் பராமரிப்பில் இருக்கிறேன். நான் உங்கள் பக்கம். ஏன் என்பதை எங்கள் வேலையிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு கல்லோ நட்டோ உள்ளே போனால் இன்ஜின் உடனே நின்றுவிடும் என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பிளேடின் முன்விளிம்பில் ஒரு சின்ன வெட்டு விழும். காக்பிட்டில் எந்த முள்ளும் அசையாது. விமானம் பாட்டுக்குப் பறக்கும், இறங்கும், மறுபடி கிளம்பும். பிளேடு அதிர அதிர அந்த வெட்டின் மூலையிலிருந்து விரிசல் வளரும். ஆபத்தே அதில்தான். வெட்டு அனுமதித்த அளவுக்குள் இருந்தால் அந்த இடத்தை இழைத்து வழவழப்பாக்கி விடுவோம். அளவைத் தாண்டினால் பிளேடை மாற்ற வேண்டும். சேதம் கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும் உள்பகுதி) வரை போயிருப்பது போரஸ்கோப்பில் (இன்ஜினுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாய்க் கருவி) தெரிந்தால் இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் வெட்டைப் பார்க்கும்போது அந்த விமானம் பல நிலையங்களைத் தொட்டுவிட்டு வந்திருக்கும். எங்கே விழுங்கியது என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அந்தந்த நிலையத்தில் என்ன கிடைத்தது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற பதிவு இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு வாய்ப்பாவது உண்டு. தொட்டியில் மொத்தமாகக் கொட்டிய குப்பையால் அந்த உதவி கிடையாது.

இன்னொன்று. இன்ஜின் ஓடும்போது அதன் வாய்க்கும் தரைக்கும் நடுவில் ஒரு காற்றுச் சுழல் உருவாகும். ஈரமான தரையில் அது கண்ணுக்கே தெரியும். அதுதான் சின்னச் சின்னப் பொருட்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. போயிங் 737 மாதிரி இன்ஜின் தாழ்வாகத் தொங்கும் விமானங்களில் இந்தக் கவலை அதிகம். சரளைக்கல் ஓடுபாதைகளில் இறங்குவதற்காக 737-200-க்குத் தனியாக ஓர் ஏற்பாடே செய்தார்கள். கல் தெறிக்காமல் தடுக்க முன்சக்கரத்தில் ஒரு தகடு. இன்ஜின் வாய்க்குக் கீழே காற்றைப் பீய்ச்சி அந்தச் சுழலைக் கலைக்க ஒரு குழாய். தரையில் கிடக்கும் கல்லை அந்த அளவுக்கு மதித்து வடிவமைத்திருக்கிறார்கள்.

---

வான்நோக்கி எழுதியது:

நான் துறையில் இல்லை, விமானங்கள் மீது ஆர்வம் உள்ளவன். ஒரு சந்தேகம். ஓடுபாதையைக் கண்காணிக்க ரேடார், கேமரா எல்லாம் வந்துவிட்டதாகப் படித்தேன். அப்புறம் ஏன் ஆட்கள் வண்டியில் போய்த் தேட வேண்டும்?

---

ஓடுபாதை24 எழுதியது:

@வான்நோக்கி, வந்திருப்பது உண்மைதான். வான்கூவர் நிலையம் 2006-இலேயே டார்சியர் என்ற மில்லிமீட்டர் அலை ரேடாரை வைத்தது. சிங்கப்பூர் சாங்கியில் கேமராவை அடிப்படையாகக் கொண்ட ஐஃபெரட் இருக்கிறது. ஓடுபாதை ஓர விளக்குகளோடு சேர்த்தே ரேடாரும் கேமராவும் பொருத்தும் முறையும் உண்டு. பாஸ்டனில் அதை வைத்தார்கள். இவை எவ்வளவு சின்னப் பொருளைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அளவுகோல் வைத்திருக்கிறது. 3.1 செ.மீ. உயரமும் 3.8 செ.மீ. விட்டமும் உள்ள ஓர் உலோக உருளை அதில் ஒன்று.

ஆனால் விலை அதிகம். உலகத்தின் பெரும்பாலான ஓடுபாதைகளில் இவை கிடையாது. இருக்கும் இடத்திலும் பெரும்பாலும் ஓடுபாதையைத்தான் பார்க்கும். ஏப்ரனில் (விமானங்களை நிறுத்திச் சுமை ஏற்றி இறக்கும் தளம்) விமானம், வண்டி, ஆள் என்று எல்லாமே அசைந்துகொண்டிருப்பதால் அங்கே ரேடார் வெறும் தரையைப் பார்ப்பது கஷ்டம். குப்பை அதிகம் பிறப்பதோ அங்கேதான்.

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் அனெக்ஸ் 14 (விமான நிலையங்களுக்கான விதித்தொகுப்பு) பெரிய ஓடுபாதை உள்ள நிலையங்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு ஆய்வு. சின்ன நிலையங்களுக்கு ஒன்று. பலர் அதைவிட அதிகம் செய்கிறோம். இருந்தாலும் இரண்டு ஆய்வுக்கு நடுவில் பெரிய இடைவெளி இருக்கத்தான் செய்கிறது.

@களப்பார்வை, நான் ஆய்வு வண்டி ஓட்டுகிறவன். உங்கள் சக ஊழியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டவர் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) எங்களுக்குத் தரும் நேரம் விமானத்துக்கும் விமானத்துக்கும் நடுவில் கிடைக்கும் சந்துதான். இறங்கும் விமானத்தை எதிர்நோக்கி ஓட்ட வேண்டும், ரேடியோவைக் கேட்க வேண்டும், தரையைப் பார்க்க வேண்டும். அதற்குள் ஒவ்வொரு ரப்பர் துண்டுக்கும் உறை, சீட்டு, படம் என்று நின்றால் அடுத்த இரண்டு கிலோமீட்டரைப் பார்க்காமலே வெளியே வர வேண்டியிருக்கும். முதல் வேலை பாதையைச் சுத்தமாக்குவது. விசாரணை அப்புறம்.

---

களப்பார்வை எழுதியது:

@ஓடுபாதை24, நீங்கள் சொன்ன அந்த இடைவெளிதான் என் வாதத்தின் அடிப்படை.

2000 ஜூலை 25, பாரிஸ் சார்ல் த கோல் நிலையம். கான்டினென்டல் ஏர்லைன்ஸின் ஒரு டி.சி-10 விமானம் கிளம்புகிறது. சுமார் ஐந்து நிமிடம் கழித்து அதே ஓடுபாதையில் ஏர் பிரான்ஸின் கான்கார்டு விமானம் ஓடுகிறது. டி.சி-10-இலிருந்து விழுந்த, ஏறக்குறைய 43 செ.மீ. நீளமான மெல்லிய உலோகத் தகடு கான்கார்டின் டயரைக் கிழிக்கிறது. சுமார் நாலரை கிலோ ரப்பர் துண்டு இறக்கையின் அடியில் போய் மோதுகிறது. எரிபொருள் தொட்டி உடைகிறது, தீப்பிடிக்கிறது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் இறந்தார்கள்.

அன்று மதியம் நடக்க வேண்டிய முழு ஆய்வு, தீயணைப்புப் பயிற்சி காரணமாக நடக்கவில்லை. பலரும் அதைச் சுட்டிக்காட்டுவார்கள். ஆனால் நடந்திருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு முன் விழுந்த தகட்டை அந்த ஆய்வு பார்த்திருக்குமா? நாளைக்கு மூன்று முறை, ஐந்து முறை என்று எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஐந்து நிமிட இடைவெளியை மூட முடியாது. அந்தத் தகடு விழாமல் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

விபத்துக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பிரெஞ்சுப் புலனாய்வாளர்கள் அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாருடையது என்று தேடினார்கள். ஹூஸ்டன் போய் அந்த டி.சி-10-ஐப் பார்த்து, இன்ஜின் உறையில் எந்த இடத்திலிருந்து போனது என்பதுவரை கண்டுபிடித்தார்கள். தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி அது செய்யப்படவும் இல்லை, பொருத்தப்படவும் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. நான் கேட்பது அதே தேடலைத்தான். 113 பேர் சாவதற்கு முன்னால் செய்வோம் என்கிறேன். ஒரு தகடு யாருக்கும் கெடுதல் செய்யாமல் புல்லில் கிடந்து நம் கையில் கிடைக்கிறது என்றால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வோம்.

---

தளப்பொறியாளன் எழுதியது:

ஓடுபாதைத் தளப் பராமரிப்பிலிருந்து சில விஷயங்கள்.

எல்லாம் விமானத்திலிருந்தும் ஆட்களிடமிருந்தும் விழுவதில்லை. தளமே உதிர்கிறது. கான்கிரீட் பலகைகளின் இணைப்பில் பூசிய சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) வெயிலில் காய்ந்து பட்டையாக எழும்பி வரும். அது போன இடத்தில் தண்ணீரும் மணலும் புகுந்து, பலகையின் விளிம்பு உடையும். தார்த்தளத்தில் மேல் ஜல்லி பிரிந்து வரும். இதையெல்லாம் ‘கல்’ என்று ஒரே சொல்லில் படிவத்தில் எழுதிவிட்டால் எங்களுக்குத் தகவலே வராது. வெளியிலிருந்து வண்டிச் சக்கரத்தில் ஒட்டிவந்த கல்லும், எங்கள் தளத்திலிருந்து பெயர்ந்த ஜல்லியும் பார்த்தவுடனே வேறுபடும். ஒரு முகத்தில் தார் ஒட்டியிருந்தால் அது எங்கள் பிரச்சினை. அன்றே ஒட்டுப்போட்டால் ஒரு சட்டி கலவையில் முடியும். விட்டுவிட்டால் அந்தக் குழி ஒவ்வொரு சக்கரத்துக்கும் கொஞ்சம் பெரிதாகும்.

ஓடுபாதைக்கு வெளியே இருக்கும் ஷோல்டரை மறந்துவிடாதீர்கள். ஏ380-இல் உள்பக்க இரண்டு இன்ஜின்களுக்கு மட்டும்தான் ரிவர்ஸர் (இறங்கியதும் உந்துவிசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) உண்டு. வெளிப்பக்க இன்ஜின்கள் ஓடுபாதையின் ஓரத்துக்கு மேலே தொங்குவதால், அங்கே கிடப்பதைக் கிளப்பி இழுத்துக்கொள்ளும் ஆபத்தும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். விமானம் கட்டுகிறவர்களே ஓரத்தில் என்ன கிடக்கும் என்று கணக்கில் எடுத்திருக்கிறார்கள். நம்மில் பலர் மையக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறோம்.

அப்புறம், சுத்தம் செய்யும் கருவிகளே குப்பை போடும். இரும்புக் கம்பித் தூரிகை வைத்த பெருக்கும் வண்டி ஓடினால் கம்பி ஒடிந்து பின்னால் விழும். வண்டிக்கு அடியில் கட்டும் காந்தப் பட்டையை நம்பி நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது இரும்பை மட்டும்தான் பிடிக்கும். அலுமினியம், டைட்டானியம் அதில் ஒட்டாது. கான்கார்டின் டயரைக் கிழித்த தகடு டைட்டானியம்.

---

ரேம்ப் நண்பன் எழுதியது:

எல்லாரும் நல்ல விஷயம்தான் பேசுகிறீர்கள். ஏப்ரனில் சுமை ஏற்றி இறக்குகிற ஒருத்தனாக நான் கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

‘யாருடையது என்று தேடுவோம்’ என்ற பேச்சு எங்களை வந்தடையும்போது ‘யார் தப்பு என்று தேடுவோம்’ என்று மாறிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தில், பே-யில் (ஒரு விமானம் வந்து நிற்கும் இடம்) ஏதாவது கிடந்தால் அந்த ஷிப்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம். என்ன நடந்தது தெரியுமா? குப்பை குறையவில்லை. சொல்வதுதான் நின்றது. பூட்டு உடைந்து விழுந்தால் காலால் பக்கத்து பே-க்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். கையுறை காற்றில் பறந்தால் எனக்குத் தெரியாது என்பார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிடித்த பணம் வீட்டுச் செலவுக்கான பணம்.

நேரத்தையும் பாருங்கள். விமானம் வந்து நின்று, பெட்டிகளை இறக்கி, ஏற்றி, மறுபடி கிளம்ப முக்கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. பெட்டிச் சக்கரம், கைப்பிடி, பூட்டு, டேக், சரக்குத் தட்டில் சுற்றிய பிளாஸ்டிக் உறை, எல்லாம் அந்த ஓட்டத்தில்தான் விழுகிறது. விமானம் வரும் முன் பே-யை ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்கிறார்கள். சரி, பார்க்கிறோம். கிளம்பும் முன் இன்னொரு நடை நடக்க யார் நேரம் ஒதுக்குகிறார்கள்? பலகையில் எழுதி ஒட்டினால் போதாது, அட்டவணையில் நேரமாக வர வேண்டும். மூடி போட்ட தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். எங்கோ கட்டடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பாக்கெட்டில்தான் போடுவோம், பாக்கெட்டிலிருந்து மறுபடி விழும்.

---

டர்பைன் எழுதியது:

@ரேம்ப் நண்பன், இந்த இழையில் மிக முக்கியமான பதிவு உங்களுடையது என்று நினைக்கிறேன். எங்கள் ஹேங்கரிலும் (விமானப் பராமரிப்புக் கொட்டகை) இதே பிரச்சினை வேறு வடிவில் உண்டு.

ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் வடிவத்திலேயே ஓர் இடம் வெட்டியிருக்கும். ஷிப்ட் முடியும்போது ஓர் இடம் காலியாக இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். ஏற்பாடு அருமையானது. ஆனால் காலி இடத்தைப் பார்த்த பிறகு ‘காணவில்லை’ என்று உரக்கச் சொல்வது ஒரு மனிதர்தான். சொன்னால் விமானம் நிற்கும், அட்டவணை தாமதமாகும், எல்லாரும் அவரைப் பார்ப்பார்கள்.

குவாண்டாஸ் ஏ380 ஒன்றில் நடந்ததை ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு 2024-இல் அறிக்கையாக வெளியிட்டது. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் பராமரிப்பு நடந்தபோது, கம்ப்ரஸரைச் சுற்றப் பயன்படுத்தும் 1.25 மீட்டர் நீள நைலான் கருவி இடதுபக்க வெளி இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டது. கருவி குறைவது தெரிந்திருந்தும், தொலைந்த கருவிக்கான தேடல் நடைமுறையைத் தொடங்காமலே விமானம் சேவைக்கு விடப்பட்டது. 2024 ஜனவரி 1 அன்று அதைக் கண்டெடுக்கும்வரை 34 முறை பறந்திருக்கிறது, ஏறக்குறைய 294 மணி நேரம். நடைமுறை எழுத்தில் இருந்தது. தொடங்கத்தான் ஆள் இல்லை.

தொலைத்ததைச் சொன்னவரைத் தண்டிக்காமல், சொன்னதற்காக நன்றி சொல்லும் இடத்தில்தான் களப்பார்வை கேட்கும் பதிவேடு வேலை செய்யும். இல்லாவிட்டால் அதில் பொய்யான வெற்றிடம்தான் இருக்கும்.

---

வான்நோக்கி எழுதியது:

பயணிகள் பக்கம் பற்றி யாரும் பேசவில்லையே. 2017-இல் ஷாங்காயில் ஒரு வயதான பெண்மணி பயணம் நல்லபடியாக அமைய வேண்டும் என்று ஏறும் வழியில் இன்ஜினை நோக்கி நாணயங்களை வீசினார். ஒன்பது வீசி, ஒன்று உள்ளே போயிற்று. விமானம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதமானது. அவருக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை. இன்ஜினுக்குள் ஒரு நாணயம் என்ன செய்யும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

---

ரேம்ப் நண்பன் எழுதியது:

உண்மை. ஏப்ரனில் நடந்து ஏறும் இடங்களில் பயணிகள் கையிலிருந்து காகிதம், பாட்டில் மூடி, குழந்தைகளின் பொம்மை எல்லாம் விழும். அங்கே நிற்கும் ஊழியர் வழிகாட்டும்போதே தரையையும் பார்த்தால் போதும், பெரும்பகுதி அங்கேயே பிடிபடும்.

---

ஓடுபாதை24 எழுதியது:

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு நடைமுறை யோசனை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்த வேண்டாம்.

உலோகம் எதுவாக இருந்தாலும், பாக எண் பொறித்த எதுவாக இருந்தாலும், உடைந்த முகம் புதிதாகப் பளபளக்கும் எதுவாக இருந்தாலும் உறையில் போட்டு உடனே தகவல். விமானப் பாகம் போலத் தோன்றினால் ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல் டவருக்கு ரேடியோவிலேயே சொல்லிவிட வேண்டும். சற்று முன் கிளம்பியது எது, இறங்கியது எது என்று அவர்களுக்குத் தெரியும். பறக்கும் விமானத்துக்கே செய்தி போய்விடும்.

காகிதம், பிளாஸ்டிக், ரப்பர் இவற்றுக்கு உறை வேண்டாம். இடத்தை மட்டும் குறித்தால் போதும். ஓடுபாதையையும் டாக்ஸிவேயையும் (விமானம் ஓடுபாதைக்குப் போய் வரும் வழி) கட்டங்களாகப் பிரித்த ஒரு வரைபடம் வண்டியில் இருந்தால், கட்டத்தின் எண்ணைச் சொல்ல ஒரு நொடி ஆகாது. பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார்.

இந்த வரைபடத்தின் பலனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் ரோடு டாக்ஸிவேயைக் கடக்கும் ஒரே இடத்தில் பெட்டிச் சக்கரங்களும் டேக்குகளும் திரும்பத் திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தன. தனித்தனியாகப் பார்த்தவரை யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. வரைபடத்தில் புள்ளி வைத்த பிறகு போய்ப் பார்த்தால், அங்கே தளம் ஒரு விரல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. பெட்டி வண்டிகள் அதில் ஏறி இறங்கும்போது குலுங்கி உதிர்த்துக்கொண்டே போயிருக்கின்றன. தளத்தைச் சமன் செய்தார்கள். அந்தக் கட்டம் அமைதியானது.

---

தளப்பொறியாளன் எழுதியது:

அந்தக் கட்ட வரைபடத்தை எங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். வேலை நடக்கும் பகுதியின் வாசலுக்குப் பக்கத்துக் கட்டங்களில் கல் கூடுகிறது என்றால், அங்கே வண்டிகளை நிறுத்திச் சக்கரத்தைப் பார்க்கும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்று அர்த்தம். ஒப்பந்ததாரரிடம் காட்ட அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

---

களப்பார்வை எழுதியது:

@ஓடுபாதை24, இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொள்கிறேன். நான் கேட்டதைவிட இது நன்றாக இருக்கிறது, ஏனென்றால் வண்டியில் இருப்பவர் செய்யக்கூடியதாக இருக்கிறது. நாளை கூட்டத்தில் இப்படியே முன்வைக்கிறேன். படிவத்தில் இவைதான் இருக்கும்: பொருள், கட்ட எண், நேரம், படம், எங்கிருந்து வந்திருக்கலாம், யாருக்குத் தெரிவிக்கப்பட்டது, அவர்கள் என்ன செய்தார்கள், பொறுப்பானவர் பெயர். கடைசிக்கு முந்தைய கட்டம் நிரம்பும்வரை அந்த வரி திறந்தே இருக்கும்.

---

ரேம்ப் நண்பன் எழுதியது:

‘பொறுப்பானவர் பெயர்’ என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள் அண்ணே. அது இருந்தால் எங்கள் ஆட்கள் அந்தப் படிவத்தைத் தொட மாட்டார்கள்.

---

களப்பார்வை எழுதியது:

எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ‘கண்டு சொன்னவர்’ என்று போட்டிருக்கிறேன், அதுவும் விருப்பப்பட்டால் மட்டும். கிளம்பும் முன் பே-யை நடந்து பார்க்கும் நேரத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்பதையும் கோரிக்கையாகத் தனியே எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் என்ன சொல்கிறார்கள் என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.